ஒரே வரியை எத்தனை முறை வரைவது? ஃபோனில் சப்டைட்டில் தெரிவதற்குப் பின்னால் நடப்பது என்ன?

எழும்பூரில் கிளம்பிய ரயில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் நிலையத்தைக் கடந்துகொண்டிருக்கிறது. பெட்டி முழுக்கச் சத்தம். இயர்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர் என்ன செய்வார்? ஃபோனை மியூட்டில் போட்டுவிட்டு, படத்தின் கீழே வரும் சப்டைட்டிலைப் படித்துக்கொண்டே போவார்.

அவருக்கு இது அரை மணி நேரத் தேவை. காது கேளாதவர்களுக்கோ படத்தைப் புரிந்துகொள்ள இதுதான் வழி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அவர்கள் சைகை மொழியோடோ சப்டைட்டிலோடோ பார்க்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. திரையரங்குகளுக்கான அணுகல் வழிகாட்டுதல்களை மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சகம் 2024 மார்ச்சில் வெளியிட்டது.

ஆனால், வசனத்தை எழுதிக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. அது சரியான நேரத்தில், பிழையில்லாமல், பேட்டரியைக் காலி செய்யாமல் திரைக்கு வர வேண்டும். அது எப்படி நடக்கிறது?

சப்டைட்டில் என்பது எழுத்தா, படமா?

இரண்டு வகையும் உண்டு. சில வீடியோக்களில் எழுத்து படத்தோடு சேர்த்தே பதிக்கப்பட்டிருக்கும். அதை அணைக்கவும் முடியாது, பெரிதாக்கவும் முடியாது. இன்னொரு வகையில் வசனங்கள் தனிக் கோப்பாக வரும். எஸ்ஆர்டி, வெப்விடிடி என்று நாம் கேள்விப்படுவதெல்லாம் இந்த வகைதான். உள்ளே திறந்து பார்த்தால் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ‘00:01:20,000 முதல் 00:01:23,500 வரை இந்த வரியைக் காட்டு’ என்கிற மாதிரியான குறிப்புகள் வரிசையாக இருக்கும், அவ்வளவுதான். ஒரு முழுப் படத்துக்கான தமிழ்க் கோப்பும் சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும்.

அந்த எழுத்தைப் படமாக வரைவது நம் ஃபோனில் இருக்கும் பிளேயர் மென்பொருளின் பொறுப்பு. செலவு ஆரம்பிப்பதும் அங்கேதான்.

2,16,000 முறையா, 3,000 முறையா?

இரண்டரை மணி நேரப் படம், விநாடிக்கு 24 ஃபிரேம். மொத்தம் 2,16,000 ஃபிரேம். அதில் 1,500 வசன வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரியும் ஒருமுறை தோன்றும், ஒருமுறை மறையும். ஆக, திரையின் அடியில் உண்மையில் ஏதாவது மாறுவது 3,000 முறைதான்.

விவரம் தெரியாமல் எழுதிய மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வரியைப் புதிதாக வரையும். விவரமாக எழுதியது, மாறும்போது மட்டும் வரைந்துவிட்டு, மற்ற நேரத்தில் ஏற்கெனவே வரைந்த படத்தையே மேலே ஒட்டும். வரையும் வேலை 72-ல் ஒரு பங்காகக் குறைகிறது.

விஎல்சி, எம்பிவி, கோடி போன்ற பிளேயர்கள் பயன்படுத்தும் ‘லிப்ஆஸ்’ என்ற திறந்தமூல மென்பொருள் நூலகம் இதற்கு நல்ல உதாரணம். பிளேயர் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அது மூன்றில் ஒரு பதிலைச் சொல்லும்: எதுவும் மாறவில்லை, இடம் மட்டும் மாறியிருக்கலாம், உள்ளடக்கமே மாறியிருக்கலாம். ‘மாறவில்லை’ என்று பதில் வந்தால் பிளேயர் பழைய படத்தையே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கனமும் உண்டு. 1920×1080 திரை முழுவதற்கும் வண்ணப் படம் தயாரித்தால் 82,94,400 பைட் வேண்டும். ஆனால், எழுத்து இருப்பது கீழே ஒரு பட்டையில் மட்டும்தானே! 1,200×120 அளவுள்ள பட்டைக்கு, ஒவ்வொரு புள்ளியிலும் எழுத்து எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்று மட்டும் குறித்து, நிறத்தைத் தனியாகச் சொன்னால் 1,44,000 பைட் போதும். லிப்ஆஸ் செய்வதும் இதையேதான்.

சரி, நடுவில் பத்து நிமிடம் தள்ளிவிட்டால்? 1,500 வரிகளையும் முதலிலிருந்து தேட வேண்டியதில்லை. நேர வரிசையில் இருப்பதால், அகராதியைப் பாதியில் பிரித்துத் தேடுவதுபோலத் தேடலாம். அதிகபட்சம் 11 ஒப்பீடுகளில் சரியான வரி கிடைத்துவிடும்.

தமிழில் மட்டும் ஏன் கூடுதல் வேலை?

ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு வடிவம் என்று வரைந்து சேமித்துவிட்டால் பெரும்பாலும் போதும். தமிழில் அது எடுபடாது. ‘கொ’ என்பது கணினியில் ‘க’, அதன்பின் ஒகரக் குறி என்ற வரிசையில் இருக்கிறது. திரையிலோ ககரத்துக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று அந்தக் குறி இரண்டாகப் பிரிய வேண்டும். ‘கு’, ‘சு’, ‘டு’, ‘பு’ நான்கிலும் இருப்பது ஒரே உகரக் குறிதான். ஆனால், எல்லாவற்றிலும் அதன் வடிவம் ஒன்றல்ல.

எந்தக் குறி எங்கே, எந்த வடிவத்தில் வர வேண்டும் என்று முடிவு செய்யும் வேலைக்கு ‘ஷேப்பிங்’ என்று பெயர். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் இதைச் செய்வது ‘ஹார்ஃப்பஸ்’ என்ற திறந்தமூல மென்பொருள். லிப்ஆஸும் அதைப் பயன்படுத்துகிறது.

வேகத்துக்காக இந்தப் படியைத் தாண்டிவிட்டால்தான் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்; புள்ளி வட்டங்கள் முளைக்கும். அதனால், மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் ஷேப்பிங் அல்ல, அதற்குப் பிறகு வருவது. ஷேப்பிங் முடிந்த வடிவங்களை ஒருமுறை வரைந்து நினைவகத்தில் வைத்துக்கொண்டால், படம் முழுக்க அவற்றையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ‘ம்’ ஒரு படத்தில் எத்தனை ஆயிரம் முறை வரும் என்று யோசித்துப் பாருங்கள்!

சொல் சொல்லாக நிறம் மாறினால்?

ரீல்ஸில் பேச்சோடு சேர்ந்து ஒவ்வொரு சொல்லாக நிறம் மாறும் சப்டைட்டிலைப் பார்த்திருப்பீர்கள். இந்தியாவில் இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. பாட்டின் வரிகளை அதே மொழியில் திரையில் காட்டி, பாடப்பாட நிறம் மாற்றினால் மக்களின் வாசிப்புத் திறன் வளரும் என்ற யோசனையை, ஐஐஎம் அகமதாபாத்தில் பிரிஜ் கோத்தாரி 1996-ல் முன்வைத்தார். பின்னர் தூர்தர்ஷனின் பாடல் நிகழ்ச்சிகளில் அது செயலுக்கு வந்தது.

மென்பொருளுக்கு இது கொஞ்சம் கூடுதல் வேலை. வரி ஒன்றுதான் என்றாலும், அதற்குள் பல முறை மாற்றம் வருகிறது. அப்போதும் எழுத்து வடிவங்களைப் புதிதாக வரையத் தேவையில்லை. நிறத்தை மட்டும் மாற்றினால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: நிறம் மாறும் எல்லை ‘கொ’வின் நடுவில் விழுந்துவிடக் கூடாது. விழுந்தால் எழுத்தே உடைந்துபோகலாம்.

உங்கள் ஃபோனில் சரியாக வரவில்லையா?

* கட்டம் கட்டமாகத் தெரிந்தால்: பிளேயர் எடுத்துக்கொண்ட ஃபான்ட்டில் தமிழ் இல்லை. செட்டிங்ஸில் தமிழ் உள்ள ஃபான்ட்டுக்கு மாற்றுங்கள்.

* சம்பந்தமில்லாத குறிகளாக வந்தால்: என்கோடிங் தப்பு. சப்டைட்டில் செட்டிங்ஸில் ‘யூடிஎஃப்-8’ தேர்ந்தெடுங்கள்.

* கொம்பும் காலும் இடம் மாறி நின்றால்: ஷேப்பிங் பிரச்சினை. ஆப்பை அப்டேட் செய்யுங்கள், அல்லது வேறு பிளேயரில் திறந்து பாருங்கள்.

* படம் முழுக்க ஒரே அளவு முந்தினாலோ பிந்தினாலோ: கணினியில் விஎல்சி என்றால் ஜி, எச் விசைகளை அழுத்திச் சரிசெய்யலாம்.

* ஆரம்பத்தில் சரியாக இருந்து, போகப்போக விலகினால்: சப்டைட்டில் வேறு ஃபிரேம் வேகத்துக்குத் தயாரானது. விநாடிக்கு 25 ஃபிரேமுக்குச் செய்ததை 23.976 ஃபிரேமில் ஓடும் படத்தோடு போட்டால், இரண்டரை மணி நேர முடிவில் வித்தியாசம் சுமார் 6 நிமிடம். இதை விசையால் தள்ளிச் சரிசெய்ய முடியாது. உங்கள் வீடியோவின் ஃபிரேம் வேகத்துக்குப் பொருந்தும் கோப்பைத் தேடிப் பாருங்கள்.