கார்டு மாற்றினால் போதுமா?

பழைய கணிப்பொறியில் விளையாட்டுப் படம் விட்டு விட்டு ஓடுகிறதா? உடனே புதுக் கிராபிக்ஸ் கார்டு வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்! முதலில் ஒரு சிறு கணக்கு.

1920 × 1080 அளவுத் திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 படம் காட்ட வேண்டுமானால், 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணிக்க வேண்டும்! இவ்வேலையைப் பங்கிட்டுக்கொள்ளவே கிராபிக்ஸ் கார்டில் ஏராளமான சிறு கணக்கிடும் பகுதிகள் உள்ளன. 2016-இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1060 கார்டின் 6 ஜிபி வகையில் இவை 1280.

ஆனால் எந்த வீரன் எங்கே ஓடுகிறான், பந்து எங்கே விழுகிறது என்று கணித்து, 'இதை வரை' என்று ஆணையிடுவது மையச் செயலி. சமையற்காரர் மெதுவாகச் சமைத்தால், பரிமாறப் பத்துப் பேர் இருந்தும் பந்தி நகராது அல்லவா?

குறை யாரிடம்? சோதித்துப் பாருங்கள். விளையாட்டின் அமைப்பில் படஅளவை 1280 × 720 ஆகக் குறையுங்கள். புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். படம் இப்போது வேகமாக ஓடினால், திணறியது கார்டுதான். மாற்றினால் பலன் உண்டு. வேகம் கூடவே இல்லையா? குறை பெரும்பாலும் மையச் செயலியிலோ நினைவகத்திலோ இருக்கும். புதுக் கார்டுக்குக் கொடுக்கும் பணம் வீண்!

மேலே சொன்ன கார்டு 120 வாட் வரை மின்சாரம் கேட்கும். பழைய மின்வழங்கி அதைத் தாங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.