சிரிப்பை முதலாகப் போட்ட துக்கம்

மவுஸால் ஒரு நாற்காலியைக் கிளிக் செய்தால் ஒரு கிண்டல், தொலைபேசியைக் கிளிக் செய்தால் இன்னொன்று. நகைச்சுவை சாகச விளையாட்டுகளில் கைவேகத்துக்கு வேலை குறைவு. கண்ணில் பட்டதையெல்லாம் கிளிக் செய்து, கிடைத்ததைப் பையில் போட்டு, எதை எதன்மேல் பிரயோகிப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வதுதான் ஆட்டம். புதிர் அவிழாத நேரத்திலும் ஆடுபவரை எழுந்து போகவிடாமல் பிடித்துவைப்பது அந்தக் கிண்டல்தான். இப்படியொரு விளையாட்டைத் துக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தலாமா? 2010 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை மாதம் ஒரு அத்தியாயமாக வெளிவந்த 'சாம் அண்ட் மேக்ஸ்: தி டெவில்ஸ் பிளேஹவுஸ்' நிறுத்திக் காட்டியது. நாம் அதுவரை சிரித்ததுதான் அந்தத் துக்கத்துக்கு முதலீடு என்பேன்.

கோட்டும் தொப்பியும் போட்ட நாய் சாம். முயல் மாதிரி ஏதோ ஒன்று மேக்ஸ். எந்த இலாகாவிலும் சேராமல் சொந்தமாகப் போலீஸ் வேலை பார்க்கும் இந்த ஜோடியை ஸ்டீவ் பர்செல் 1987இல் காமிக்ஸில் கொண்டுவந்தார். லூகாஸ் ஆர்ட்ஸ் 1993இல் வெளியிட்ட 'ஹிட் தி ரோட்' விளையாட்டில் மேக்ஸையே ஒரு கருவி மாதிரி எடுத்துப் பொருள்கள்மேல் ஏவலாம். 2006இல் டெல்டேல் நிறுவனம் தொடங்கிய தொடரிலோ அவன் அமெரிக்க ஜனாதிபதியே ஆகிவிடுகிறான். அந்தத் தொடரின் முதல் பருவம் நிலாவில் முடிந்தது, இரண்டாவது நரகத்தில். எங்கே போனாலும் இருவரும் சேதாரமில்லாமல் திரும்பிவிடுவார்கள். இவர்களுக்கு எதுவும் ஆகாது என்ற தைரியத்தில்தான் நாமும் அத்தனை அடிதடிக்கும் கூசாமல் சிரித்தோம்.

மூன்றாம் பருவமான 'தி டெவில்ஸ் பிளேஹவுஸ்' தன் கடைசி அத்தியாயத்தில் அந்தத் தைரியத்தில் கைவைக்கிறது. மேக்ஸ் பூதாகாரமான அரக்கனாகி நியூயார்க்கை மிதிக்கிறான். அவனைக் குணப்படுத்த சாம் அவன் உடம்புக்குள்ளேயே நுழைகிறான். அதுவரை நண்பனை ஏவி உலகத்தைச் சரிசெய்தவனுக்கு இப்போது நண்பனே புதிர். அங்கேயும் ஜோக்குகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் மேக்ஸ் பிழைக்கவில்லை. ஊரைக் காப்பாற்ற விலகிப்போய் வெடித்துச் சிதறுகிறான். முடிவில் உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓடும்போது சாம் தெருவில் தன்னந்தனியாக நடக்கிறான். வசனம் இல்லை, கிளிக் செய்யவும் ஒன்றுமில்லை. எதைத் தொட்டாலும் ஒரு பேச்சு வரும் என்று மாதக்கணக்கில் பழகிய கைக்கு அந்த மௌனம் உறைக்கிறது. வேறு எந்த வகை விளையாட்டிலும் அது இவ்வளவு உறைக்காது.

சிரிக்க வந்தவரை அழவைப்பது மோசடி என்பார்கள். திடீரென்று இழவு விழுந்திருந்தால் அது சரிதான். ஆனால் மேக்ஸின் மாயசக்தி வளர்ந்து கட்டுக்கு அடங்காமல் போவதுதான் இந்தப் பருவத்தின் கதையே. இன்னொரு ஆட்சேபம் கனமானது. கடைசியில் வேறொரு காலக்கோட்டிலிருந்து ஒரு மேக்ஸ் வந்து சாமோடு சேர்ந்துகொள்கிறான். அப்படியானால் செத்ததற்கு என்ன அர்த்தம்? வருகிறவன் செத்தவன் அல்ல. அவனுடைய உலகத்தில் அவனுடைய சாம் செத்துப்போயிருக்கிறான். ஆளுக்கொரு துணையை இழந்த இருவர் சேருகிறார்கள், அவ்வளவுதான். போன மேக்ஸ் போனவன்தான். காலம் தாண்டும் வித்தையும் இரண்டாம் பருவத்திலேயே வந்துவிட்டது, அவசரத்துக்குக் கண்டுபிடித்ததல்ல. கொஞ்சம் சீக்கிரமே ஆறுதல் சொல்லிவிட்டார்கள் என்று வேண்டுமானால் குறைப்படலாம். சாமை இன்னும் ஒரு தெரு நடக்கவிட்டிருக்கலாம்.

முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபிக்க வேண்டாம். தெரிந்துகொண்டு ஆடினாலும் அந்தத் தெரு கனக்கத்தான் செய்யும். 2024இல் ஸ்கங்க்கேப் நிறுவனம் இந்த விளையாட்டைப் புதுப்பித்து மறுபடியும் வெளியிட்டிருக்கிறது. ஆடுவதென்றால் முதல் அத்தியாயத்திலிருந்தே தொடங்குங்கள். நேராகக் கடைசிக்குத் தாவினால் மிஞ்சுவது, தெருவில் நடந்துபோகும் ஒரு நாய் மட்டுமே.