மேசைப் போர்க்களத்தில் ஒரு தேவாலயம்

சிறுவர் விளையாட்டென்று பெரியோர் ஒதுக்கிவிடும் சில கலைகளில் சிறந்த அறிவுப் பயிற்சி அடங்கியிருப்பதுண்டு. மேசைமீது சிறு போர்வீரர் பதுமைகளை நிறுத்தி, வகுத்த விதிகளின்படி பழைய போர்களை மீண்டும் ஆடிப் பார்க்கும் போர் விளையாட்டு அத்தகையது. பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட விதிகள் படைத்துறைப் பயிற்சிக்குப் பயன்பட்டன. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூல் இல்லங்களில் ஆடத்தக்க எளிய விதிகளைத் தந்தது.

இவ்விளையாட்டினர் பலர் வீடு, பாலம், மதில் முதலியவற்றைத் தாமே செய்துகொள்கின்றனர். அவற்றுள் தலையாயது தேவாலயம். ஐரோப்பியச் சிற்றூர்களில் தடித்த கற்சுவரும் உயர்ந்த கோபுரமும் உடைய கட்டடம் பெரும்பாலும் அஃதொன்றே. 1815ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் நடந்த வாட்டர்லூப் போரில், பிளான்செனுவா என்னும் சிற்றூரைக் கைப்பற்றப் பிரஷ்யரும் பிரெஞ்சுக்காரரும் கடும்போர் புரிந்தனர். ஊர் பலமுறை கைமாறியது. அங்கிருந்த தேவாலயமும் அதன் கல்லறைத் தோட்டத்து மதிலுமே போரின் நடுவிடமாயின.

அளவில் எழும் சிக்கல்

இத்தகைய தேவாலயத்தை மேசைக்குக் கொணர்வது எங்ஙனம்? வழக்கமான பதுமை, பாதம் முதல் கண்வரை 28 மில்லிமீட்டர் உயரமுடையது. அதாவது, மனிதனில் ஏறத்தாழ 60இல் ஒரு பங்கு. 30 மீட்டர் நீளமுள்ள தேவாலயத்தை அதே அளவில் செய்தால் 50 சென்டிமீட்டர் ஆகும். சிறு மேசையில் பாதி ஊரை அதுவே விழுங்கிவிடும். நிலத்தின் தொலைவோ, மேசைக்குள் அடங்கும் பொருட்டு, 600இல் ஒரு பங்காகவும் சுருக்கப்படுவதுண்டு. அக்கணக்கில் தேவாலயம் 5 சென்டிமீட்டரே. வீரன் அதன் வாயிலில் நுழையவும் இயலாது.

இதற்கு அனுபவமுடையோர் கண்ட வழி எளியது. வாயிலும் சாளரமும் பதுமையின் அளவுக்கு ஒத்திருத்தல் வேண்டும், அவற்றைச் சிறிதாக்கலாகாது. எண்ணிக்கையை மட்டும் குறைக்கலாம். பக்கச் சுவரில் ஆறு சாளரம் இருந்த இடத்தில் மூன்று போதும். நீளம் பாதியாகும், எனினும் தோற்றம் கெடாது. மாணவர்க்குச் சுருக்கி வரைதல் கற்பிக்கும் ஆசிரியர் இதனை நன்கறிவர். நல்ல சுருக்கம் என்பது சிறிய எழுத்தில் எழுதுவதன்று. இன்றியமையாததை நிறுத்தி ஏனையவற்றை விடுவதேயாகும்.

செய்யும் முறை

சுவர்களுக்குத் தடித்த அட்டை போதும். சாளரங்களை முதலில் வெட்டிக்கொண்டு, பின்னரே சுவர்களை ஒட்டுதல் நன்று. பசையும் நுண்மணலும் கலந்து பூசினால் கற்சுவரின் சொரசொரப்பு வரும். கூரைக்கு மெல்லிய அட்டையைச் சிறு பட்டைகளாக நறுக்கி, கீழ்வரிசையிலிருந்து மேல்நோக்கி, ஒன்றின் விளிம்பை மற்றொன்று மூடுமாறு ஒட்டவேண்டும். மழைநீர் வடிய உண்மைக் கூரை வேய்வதும் இம்முறையே. முதலில் கருஞ்சாம்பல் வண்ணம் தீட்டி, உலர்ந்தபின், ஏறக்குறைய வற்றிய தூரிகையால் வெளிர்நிறத்தை மேலாகத் தடவினால் கல்லின் மேடுபள்ளம் விளங்கித் தோன்றும். கூரை தனியே கழலுமாறு இருப்பின், உள்ளே வீரரை நிறுத்தலாம்.

உண்மைக்குக் கடமை

சுருக்குவது வேறு, பொய்யாக்குவது வேறு. வில்லியம் சைபோர்ன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, வாட்டர்லூக் களத்தின் மாதிரியை அமைக்க 1830இல் பணிக்கப்பட்டார். களத்திலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரிட்ட அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிச் செய்தி திரட்டினார். 70,000க்கு மேற்பட்ட பதுமைகள் கொண்ட அம்மாதிரி 1838இல் இலண்டனில் காட்சிக்கு வந்தது. நிலம் 600இல் ஒரு பங்காக இருக்க, அவரும் வீரரை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் அமைத்தார். நில அளவின்படியாயின் மூன்று மில்லிமீட்டரே வரும். அளவில் விட்டுக்கொடுத்த அவர், செய்தியில் உண்மை தேடுவதை விடவில்லை.

பிளான்செனுவாவில் இன்று நிற்கும் தேவாலயம் போருக்குப் பின் 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுப்பப்பட்டது. இன்றைய புகைப்படத்தைப் பார்த்து அப்படியே செய்பவர், எத்துணை நுட்பமாகச் செய்யினும், 1815இன் தேவாலயத்தைச் செய்தவராகார். கத்தியையும் அட்டையையும் எடுக்குமுன் வரலாற்றை எடுத்துப் படித்தல் வேண்டும். மூன்று சாளரம் குறைந்தால் குற்றமில்லை. காலம் பிறழ்ந்தால் குற்றமே.