ஓட்டிக் காப்பதா, நிறுத்திக் காப்பதா? பழைய கார்களும் விடுபட்ட 'பத்மினி'யும்

புது தில்லி: அரிய பழைய கார் ஒன்றை வைத்திருப்பவர் அதைச் சாலையில் ஓட்டி மகிழ்வதா, கிலோ மீட்டர் கணக்கு கூடாமல் நிறுத்தி வைத்து மதிப்பைக் காப்பதா? வசதி படைத்தோரின் கவலையாகத் தோன்றும் இக்கேள்விக்கு மத்திய அரசு 2021-ம் ஆண்டிலேயே ஒரு விடையை எழுதிவிட்டது. அதில் விடுபட்டது எது என்பதை அறிய மும்பையின் தாராவிப் பக்கம் செல்ல வேண்டும்.

தாராவியிலிருந்து மித்தி ஆற்றைக் கடந்தால் குர்லா. வால்சந்த் ஹிராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் அங்குதான் கார்களைத் தயாரித்தது. இத்தாலியின் பியட் உரிமத்துடன் 1964-ல் 'பியட் 1100 டிலைட்' என்று வெளிவந்த கார், 1974-ல் 'பிரீமியர் பத்மினி' ஆனது. 1089 சி.சி. என்ஜின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். தில்லி அமைச்சர்களுக்கு அம்பாசிடர் என்றால், மும்பை மக்களுக்குக் கருப்பு - மஞ்சள் வண்ணப் பத்மினி டாக்சி.

சயான், மாஹிம் ஆகிய பகுதிகளுக்குத் தெற்கே ஆட்டோக்களுக்கு அனுமதியில்லை. எனவே, நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்து தாதரில் இறங்கிய தமிழர் பலருக்கு, கூரைமேல் மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு சென்ற அந்த டாக்சியே மும்பையின் முதல் அறிமுகம்.

ஒன்றையாவது காப்பாற்றுங்கள்: மும்பையில் கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29-ல் தார்தேவ் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்யப்பட்டது. டாக்சிகளுக்கு 20 ஆண்டு வயது வரம்பு என்பதால், 2023 அக்டோபர் 30 முதல் பத்மினி டாக்சிகளின் காலம் முடிந்தது. ஒரு பத்மினியையாவது பாதுகாக்க வேண்டும் என்று மும்பை டாக்சி ஓட்டுநர் சங்கம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அரசிடம் கோரியிருந்தது. பயன் கிட்டவில்லை.

சட்டம் சொல்வது என்ன? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, சேசிஸ், கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றமின்றி மூல வடிவில் உள்ள இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'விண்டேஜ்' எனப்படும். புதிய பதிவுக் கட்டணம் ரூ.20 ஆயிரம். பதிவெண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலைக்கு வரலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கும் வணிகத்துக்கும் அனுமதியில்லை.

அதாவது, 'நிறுத்திக் காப்பாற்று. எப்போதாவது ஓட்டு' என்பதே அரசின் விடை. இதில் நியாயம் உண்டு. பழைய என்ஜின்களின் புகை நகரத்தின் காற்றைக் கெடுக்கிறது. தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வாகனங்களுக்கும், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களுக்கும் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததற்கும் காற்று மாசுதான் காரணம்.

நின்றாலும் கெடும்: குறைவாக ஓடிய காருக்குச் சந்தையில் விலை அதிகம். ஆலையில் பூசிய வண்ணமும் மாற்றப்படாத பாகங்களும் அதன் காலத்துக்குச் சாட்சி. ஒருமுறை அழிந்தால் மீண்டும் கிடைக்காதவை. ஆயினும் ஓடாத கார் அப்படியே இருப்பதில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகப் படிகிறது. ரப்பர் சீல்கள் உலர்ந்து வெடிக்கின்றன. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சுகிறது. டயர்கள் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகின்றன. மும்பையின் உப்புக் காற்றில் துரு வேறு. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு உருவாக்கி, 2013-ல் உறுதி செய்த டுரின் சாசனமும் பாதுகாப்பு, சீரமைப்பு ஆகியவற்றோடு பயன்பாட்டையும் சேர்த்தே பேசுகிறது.

யாருடைய நினைவு? 1974-ல் பதிவான பத்மினிக்கு 2024-ல் 50 வயது நிறைந்தது. தனியார் கார் 15 ஆண்டுகளுக்குப் பின் மறுபதிவு பெறலாம் என்பதால், அது வீட்டுக் கொட்டகையில் காத்திருந்து 'விண்டேஜ்' தகுதியை எட்ட முடியும். 20 ஆண்டில் உரிமம் முடியும் டாக்சிக்கு அந்த வாய்ப்பு இல்லை. பிழைப்புக்காக ஓடி, தகடு ஒட்டி, என்ஜின் மாற்றிய வண்டி 'மூல வடிவம்' என்ற நிபந்தனையிலும் தோற்றுப்போகும். கடைசி டாக்சிக்கு 50 வயதாகும் ஆண்டு 2053. ஓடாத கார் பாரம்பரியச் சின்னமாகலாம். உழைத்த கார் பழைய இரும்பாகத்தான் வேண்டும் என்பதே இந்த விதிகளின் விளைவு.

சென்னை தியாகராய நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் அவரது அம்பாசிடர் கார் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. அது எத்தனை கிலோ மீட்டர் ஓடியது என்பதல்ல, யாரைச் சுமந்தது என்பதே அதன் மதிப்பு. பெயர் தெரியாத லட்சக்கணக்கானோரைச் சுமந்த டாக்சிக்கும் அதே அளவுகோல் பொருந்தும்.

இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. பொது வாகனங்களுக்கென விதியில் ஒரு தனிப் பிரிவு. அரசின் பொறுப்பில் ஓரிரு பத்மினிகள். அவற்றை அறிந்த முதிய மெக்கானிக்குகளின் மேற்பார்வை. ஆண்டில் சில நாள் மட்டும் சாலை அனுமதி. அந்த மெக்கானிக்குகளின் கைத்திறனும் மறைந்த பின்னர், வண்டி இருந்தாலும் அதை ஓட வைக்க ஆள் இருக்காது.