பாட்டு எங்கே நின்றது?



இந்த மாதம் ஒரு நல்ல கேள்வியைப் பார்க்கப் போகிறோம். "மாமா, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் குட்டி ஹெட்போன் ஆம்ப் ஒன்றை நானே செய்தேன். சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது. காதில் மட்டும் சத்தமே இல்லை. ஏன்?"

முதன்முதலில் சால்டரிங் கம்பியைக் கையில் எடுக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் வரும் கேள்வி இது. 'கெட்டுப்போச்சு' என்று மூலையில் வீசாமல் 'ஏன்?' என்று கேட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் அறிவியல் ஆரம்பிக்கிறது. சபாஷ்!

ஆம்ப் என்ன செய்கிறது? ரேடியோவோ போனோ அனுப்பும் மின் சைகை சின்னது. சில பெரிய ஹெட்போன்களுக்கு அது போதாது. பேட்டரியின் சக்தியைக் கொண்டு அதைப் பெரிதாக்கித் தருவது ஆம்ப். உலகம் முழுக்கப் பிள்ளைகளும் பெரியவர்களும் செய்துபார்க்கும் ஒரு வரைபடம் உண்டு. சூ மோய் என்ற அமெரிக்கர் 1990களின் கடைசியில் வெளியிட்டது. அவர் பெயராலேயே அதை 'சிமாய்' என்கிறார்கள். ஒரு பேட்டரி, எட்டுக் கால் ஐசி ஒன்று, கொஞ்சம் மின்தடைகள், மின்தேக்கிகள். அவ்வளவுதான். புதினா மிட்டாய் வரும் தகர டப்பாவுக்குள் முழுவதும் அடங்கிவிடும்.

சரி, சத்தம் ஏன் வரவில்லை? அதற்கு முன்னால் ஒரு வாழைப்பழ வேனைத் தேடுவோமா?

சிறுமலையிலிருந்து திண்டுக்கல்லுக்கு இறங்கும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மலை வாழைப்பழத் தார்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் காலையில் புறப்பட்டது. ஆனால் ஊருக்கு வந்து சேரவில்லை. வழியில் எங்கோ நின்றுவிட்டது. எந்த வளைவில்?

முதல் வளைவில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகலாம். வேன் கடைசி வளைவில் நின்றிருந்தால் 18 இடத்தைப் பார்க்க வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை அப்படிச் செய்யாது. நடுவில் இருக்கும் ஒன்பதாவது வளைவில் நிற்பவரிடம், "வேன் உங்களைத் தாண்டிப் போனதா?" என்று கேட்கும். 'தாண்டியது' என்றால் மேலே இருக்கும் பாதிச் சாலையை மறந்துவிடலாம். 'தாண்டவில்லை' என்றால் கீழ்ப்பாதியை மறந்துவிடலாம். மிச்சமிருக்கும் பாதியின் நடுவில் மறுபடி கேள். இப்படிக் கேட்டால் அதிகம் போனால் ஐந்தே கேள்வியில் வேன் கிடைத்துவிடும். காகிதத்தில் 18 புள்ளி வைத்து நீங்களே சரிபாருங்கள்.

பார்த்தாயிற்றா? இனி நம் பாட்டுதான் அந்த வேன். ரேடியோவில் புறப்பட்டு, ஒயர், ஆம்ப், ஹெட்போன் என்று வந்து காதில் இறங்க வேண்டும். எங்கே நின்றது?

தொடங்கும் முன் ஒரு கண்டிப்பு. நாம் கை வைப்பது பேட்டரியில் ஓடும் பெட்டியில் மட்டுமே. 9 வோல்ட் உங்கள் விரலை ஒன்றும் செய்யாது. சுவரில் இருக்கும் 230 வோல்ட் ஆளையே கொல்லும். பிளக் மாட்டி ஓடும் எந்தக் கருவியையும் நீங்கள் திறக்கக் கூடாது.

முதல் கேள்வி. ஆம்பை ஓரமாக வை. ஹெட்போனை நேராக ரேடியோவில் குத்து. திண்டுக்கல்லில்தான் கோடைப் பண்பலை 100.5இல் தெளிவாகக் கேட்குமே, அதையே வை. பாட்டு கேட்கிறதா? கேட்டால் ரேடியோவும் நல்லது, ஹெட்போனும் நல்லது. ஒரே கேள்வியில் இரண்டின் மேலும் இருந்த சந்தேகம் போய்விட்டது!

அடுத்து, ரேடியோவையும் ஆம்பையும் இணைக்கும் ஒயர். வேறொன்று இருந்தால் மாற்றிப் பார். உள்ளே வரும் துளையும் வெளியே போகும் துளையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மாற்றிக் குத்தினால் சத்தம் வராது. சத்தக் குமிழ் அடியோடு குறைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடு.

இந்த இடத்தில் ஒரு விநோதம் சொல்ல வேண்டும். சில நேரம் வாத்தியங்கள் கேட்கும், பாடுபவரின் குரல் மட்டும் காணாமல் போயிருக்கும்! ஹெட்போன் பிளக்கின் நுனி இடது காதுக்கு, அடுத்த வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவானது. அந்தப் பொதுக் கம்பி சரியாகத் தொடவில்லை என்றால், இடது வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும். பாடகர் குரலைப் பெரும்பாலும் இரண்டு பக்கத்திலும் சமமாகப் பதிந்திருப்பார்கள். சமத்திலிருந்து சமத்தைக் கழித்தால் என்ன மிஞ்சும்? பூஜ்யம்! மைக் சேர்ந்த நான்கு பட்டை பிளக்கைப் பழைய மூன்று பட்டைத் துளையில் குத்தினால் இது நடக்கலாம். பாட்டு இப்படிக் கேட்டால் பொதுக் கம்பியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இப்போது பெட்டியைத் திறப்போம்.

"விளக்கு எரிகிறதே மாமா, பேட்டரி நன்றாகத்தானே இருக்கும்?" என்பீர்கள். நானும் எதிர்பார்த்த கேள்வி. சிவப்பு எல்இடிக்குச் சுமார் 2 வோல்ட் இருந்தாலே போதும், எரியும். இந்த ஆம்பில் பலரும் போடும் ஓபிஏ 2134 ஐசிக்குக் குறைந்தது 5 வோல்ட் வேண்டும். ஆக, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே ஐசி வேலையை நிறுத்தியிருக்கலாம். விளக்கை நம்பாதே, அளந்து பார்!

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசிக்குத் திருப்பு. ஆம்பின் சுவிட்சைப் போட்ட பிறகு அளக்க வேண்டும், மறந்துவிடாதே. 9 வோல்ட் பேட்டரிக்குள் 1.5 வோல்ட் தரும் ஆறு குட்டிக் கலங்கள் வரிசையாக இருக்கின்றன. பழைய பேட்டரி சும்மா இருக்கும்போது 8, 9 என்று பெருமையாகக் காட்டும். மின்சாரம் எடுக்கத் தொடங்கியதும் சடாரென்று விழுந்துவிடும். 7க்குக் கீழே இறங்கினால் பேட்டரியை மாற்று.

பேட்டரி முனையில் 9 இருக்கிறது, போர்டில் ஒன்றும் இல்லை என்றால்? பேட்டரித் தொப்பியிலிருந்து வரும் சிவப்பு, கறுப்பு ஒயர்களை இலேசாக இழுத்துப் பார். அடிக்கடி கழற்றி மாட்டும்போது அவைதான் உள்ளுக்குள் அறுந்துபோகும்.

இனி வருவதுதான் இந்த ஆம்பின் நடு வளைவு. இங்கே கொஞ்ச நேரம் நிற்போம்.

ஒலி என்பது என்ன? காற்று முன்னும் பின்னும் அசைவது. ஹெட்போனுக்குள் இருக்கும் மெல்லிய தகடும் அப்படித்தான் முன்னும் பின்னும் அசைய வேண்டும். அதற்கு மின்சாரம் ஒரு முறை இந்தப் பக்கமும் ஒரு முறை அந்தப் பக்கமும் ஓட வேண்டும். நம்மிடம் இருப்பதோ ஒரே பேட்டரி. என்ன செய்வது?

அந்த 9 வோல்ட்டுக்குக் குறுக்கே இரண்டு சமமான மின்தடைகளை வரிசையாக வைக்கிறார்கள். இரண்டும் சமம் என்பதால் அவை சேரும் இடத்தில் சரிபாதி வோல்ட்டேஜ் இருக்கும். அந்த நடுப்புள்ளியை 'பூஜ்யம்' என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பார்த்தால் ஒரு முனை +4.5, மறுமுனை −4.5. ஒரு பேட்டரி இரண்டு பேட்டரி போலாகிவிட்டது! புரிகிறதா? புரியாவிட்டால் இந்தப் பத்தியை மட்டும் இன்னொரு தடவை படியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

மீட்டரின் கறுப்பு முனையை அந்த நடுப்புள்ளியில் வை. சிவப்பு முனையால் ஐசியின் எட்டாவது காலைத் தொடு. +4.5க்குப் பக்கத்தில் வர வேண்டும். நான்காவது காலைத் தொடு. −4.5க்குப் பக்கத்தில் வர வேண்டும். காலை எண்ணுவது எப்படி? ஐசியின் ஒரு ஓரத்தில் சிறு வெட்டோ புள்ளியோ இருக்கும். அதை மேலே வைத்துப் பார்த்தால் இடது பக்கம் முதலில் இருப்பது 1. அங்கிருந்து கீழே இறங்கி, வலது பக்கமாக மேலே ஏற வேண்டும்.

4.5க்குப் பதிலாக ஒரு பக்கம் 8, மறுபக்கம் 1 என்று வந்தால் பூஜ்யம் நடுவிலிருந்து நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இரண்டு மின்தடைகளில் ஏதோ ஒன்றின் கால் சரியாகப் பற்றவில்லை. அல்லது, நீ தகர டப்பாவில் செய்திருந்தால், பேட்டரியின் மைனஸ் கம்பி டப்பாவைத் தொடுகிறது. ஹெட்போன் துளையின் உலோகக் கழுத்து வழியாக டப்பா நடுப்புள்ளியோடு சேர்ந்திருக்கும். மைனஸும் அதையே தொட்டால் பாதி வோல்ட்டேஜ் காணாமல் போய்விடும். டப்பாவின் அடியில் ஓர் அட்டையை வெட்டிப் போடு, போதும். முதல் ஆம்பை பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் செய்வதுதான் நல்லது என்பேன்.

ஐசியைத் தலைகீழாக மாட்டியிருந்தால் எட்டாம் காலும் நான்காம் காலும் இடம் மாறிவிடும். பிளஸ்ஸும் மைனஸும் மாறிப் பாயும். ஐசி சுடும். உடனே சுவிட்சை அணைத்துவிடு. சுட்ட ஐசி பிழைப்பது அபூர்வம்.

நடுப்புள்ளி சரியா? இப்போது ஹெட்போனைக் கழற்றிவிடு. ஐசியின் முதல் காலையும் ஏழாவது காலையும் நடுப்புள்ளியோடு ஒப்பிட்டு அளந்து பார். இவைதான் பெரிதாக்கிய சத்தம் வெளியே வரும் வாசல்கள். பாட்டு இல்லாதபோது இங்கே சில மில்லிவோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று நின்றால் ஹெட்போனை மாட்டவே மாட்டாதே. தகடு முன்னும் பின்னும் அசையாமல் ஒரே பக்கம் தள்ளப்பட்டு நிற்கும். அதன் கம்பிச்சுருள் சூடேறிக் கருகிவிடும்.

இதுவும் சரியாக இருந்தால் ஒரு வேடிக்கை செய்யலாம். ஹெட்போனை மாட்டு, ஆனால் காதில் வைக்காதே, காதுக்குப் பக்கத்தில் பிடி. உன் விரலால் ஐசியின் மூன்றாவது காலைத் தொடு. பிறகு ஐந்தாவது காலைத் தொடு. 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்கிறதா?

அது எங்கிருந்து வந்தது தெரியுமா? உன் வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அந்த அலை காற்று வழியாகவே உன் உடம்பில் மிகச் சிறிதளவு தொற்றுகிறது. உன் விரல் அதை ஐசிக்குக் கொடுக்கிறது. ஐசி அதைப் பெரிதாக்குகிறது. சூ மோயின் கணக்குப்படி 11 மடங்கு! திண்டுக்கல் ஊருக்குள் ஒரு வீட்டில் உட்கார்ந்து தொட்டால் இந்த ரீங்காரம் நன்றாகவே கேட்கும். மின்கம்பி பக்கத்திலேயே வராத ஒரு மலைத் தோட்டத்தில் தொட்டால் வெகுவாகக் குறைந்துவிடும். சிறுமலையில் உறவினர் வீடு இருப்பவர்கள் அடுத்த முறை போகும்போது ஆம்பையும் எடுத்துப் போங்கள். வீட்டுக்குள் ஒரு முறை, தோட்டத்தின் கடைக்கோடியில் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். எவ்வளவு அருமையான சோதனை!

விரல் சொல்லும் பதில் என்ன? ரீங்காரம் கேட்டால் ஐசியிலிருந்து காது வரைக்கும் வழி திறந்திருக்கிறது. கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது: உள்ளே வரும் துளை, குமிழ், நுழைவாயில் மின்தேக்கி. கேட்காவிட்டால் கோளாறு ஐசியிலோ, வெளியே போகும் துளையிலோ. பாதிச் சாலை குறைந்துவிட்டது!

மிச்சமிருக்கும் சில இணைப்புகளைக் கண்ணால் பார்த்தாலே போதும். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. நன்றாக உருகிப் பற்றிய ஈயம் பளபளவென்று காலைச் சுற்றிப் படர்ந்திருக்கும். சரியாகப் பற்றாதது மங்கலாக, உருண்டையாக நிற்கும். அதை மறுபடி சூடுகாட்டி உருக்கினால் பல ஆம்புகள் அந்த நிமிடமே பாடத் தொடங்கிவிடும். சால்டரிங் செய்யும்போது அப்பாவோ அம்மாவோ அக்காவோ பக்கத்தில் இருக்கட்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஈயம் வயிற்றுக்குள் போகக் கூடாது.

ஒன்றைக் கவனித்தீர்களா? இவ்வளவு நேரமும் நாம் எந்தப் பொருளையும் ஊகத்தில் மாற்றவில்லை. 'ஐசி போயிருக்கும்' என்று புது ஐசி வாங்கி, 'மின்தேக்கி போயிருக்கும்' என்று அதையும் வாங்கினால் பைசாதான் கரையும், கோளாறு அப்படியே இருக்கும். கேள்வி கேட்டுப் பாதியைக் கழித்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

கழற்றிய பேட்டரியை மேசை இழுப்பறையில் சாவிக்கொத்தோடு போடாதீர்கள். அதன் இரண்டு முனையும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஒரு சாவி இரண்டையும் தொட்டாலே பேட்டரி சூடேறும், சில நேரம் தீயே பிடிக்கும். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி வையுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, மருமக்களே. ஆம்ப் நன்றாகப் பாடும்போதே பேட்டரி வோல்ட்டேஜையும் ஐசியின் எட்டுக் கால்களையும் அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதிவிடுங்கள். மறுபடி ஒரு நாள் சத்தம் நின்றால், எந்த எண் மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பக்கம்தான் வேண்டும். அதனால் இன்றைக்கே எழுதுங்கள்.