உல்லாசப் படகும் பந்தயத்துக்குப் போகலாம்!

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆஸ்திரேலியாவின் ஸிட்னி துறைமுகக் கரையெங்கும் ஜனக்கூட்டம் நிரம்பி வழியும். பாய் விரித்த படகுகள் தெற்கே டாஸ்மேனியாத் தீவின் ஹோபர்ட் நகரை நோக்கிப் பந்தயம் புறப்படும் நாள் அது. தூரம் 628 கடல் மைல். ஏறக்குறைய 1,160 கிலோமீட்டர்!

உலகப் புகழ் பெற்ற இந்தப் பந்தயம் பிறந்த கதை வேடிக்கையானது. 1945-ஆம் ஆண்டில், யுத்தம் முடிந்த சமயம், பீட்டர் லூக் முதலிய ஸிட்னி நண்பர்கள் சிலர் தங்கள் படகுகளில் ஹோபர்ட்டுக்கு உல்லாசப் பயணம் போகத் திட்டமிட்டார்கள். பிரிட்டிஷ் கடற்படைக் காப்டன் ஜான் இல்லிங்வொர்த்தையும் அழைத்தார்கள். பந்தயமாக வைத்துக்கொண்டால் வருகிறேன் என்றார் அவர். டிசம்பர் 26-ஆம் தேதி ஒன்பது படகுகள் கிளம்பின.

முதல் இரவே புயல் சீறியது. பல படகுகள் கரையோரம் ஒதுங்கின. இல்லிங்வொர்த்தின் படகு ஒதுங்கவில்லை. அதன் பெயர் ‘ராணி’! நீளம் சுமார் 35 அடிதான். விமானம் தேடியும் அது கண்ணில் படவில்லை. மூழ்கிவிட்டதோ என்று எல்லோரும் அஞ்சியிருக்க, ராணி முதலாவதாக வந்து நின்றது. ஆன நேரம் 6 நாள், 14 மணி, 22 நிமிஷம். பீட்டர் லூக்கின் படகோ 11 நாட்களுக்கு மேல் கழித்துத்தான் வந்து சேர்ந்தது.

கணக்கிலே நியாயம்

2017-இல் ‘காமன்ச்சி’ என்ற ராட்சதப் படகு இதே தூரத்தை 1 நாள், 9 மணி, 15 நிமிஷத்தில் கடந்தது. இத்தகைய படகுகளோடு, குடும்பத்துடன் உலாவ வாங்கிய படகு எப்படிப் போட்டியிடும்?

குதிரைப் பந்தயத்தில் வல்ல குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றுவார்கள் அல்லவா? கடலிலும் அப்படித்தான். எடைக்குப் பதில் எண். ஒவ்வொரு படகுக்கும் அதன் நீளம், எடை, பாயின் பரப்பு முதலியவற்றைப் பார்த்து ஓர் எண் தருவார்கள். ஓடிய நேரத்தை அதனால் பெருக்க வேண்டும். பெரிய படகின் எண் 1.250, ஓடியது 40 மணி என்றால் கணக்கு நேரம் 50 மணி. சிறிய படகின் எண் 0.900, ஓடியது 55 மணி என்றால் கணக்கு நேரம் நாற்பத்தொன்பதரை மணி. பதினைந்து மணி நேரம் பிந்தி வந்த சிறிய படகுக்கே வெற்றி!

1973-இல் கட்டிய ‘லவ் அண்ட் வார்’ என்ற மரப்படகு 1974, 1978 ஆண்டுகளில் இப்படி வென்றது. 2006-இல், முப்பத்து மூன்று வயதில், மூன்றாம் முறையும் வென்றது.

எங்கே தொடங்குவது?

முதலில் பிறர் படகில் ஓர் ஆளாகப் போவதே நல்லது. பிறகு சொந்தப் படகில் ஒரு பகல் பந்தயம், அப்புறம் ஓர் இரவுப் பந்தயம் என்று படிப்படியாக ஏற வேண்டும். படகின் அடியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டினாலே வேகம் கூடும். உல்லாசப் பயணத்தில் சேர்ந்த பாத்திரம், புத்தகம், தேவையற்ற சங்கிலி எல்லாம் கரையிலேயே இருக்கட்டும். பழைய பாய் தொய்ந்திருந்தால் புதிய பாய்க்குச் செலவு செய்யலாம். இருட்டில் பாயைச் சுருக்கவும், முறை வைத்துத் தூங்கவும் எல்லோரும் பழக வேண்டும். தூக்கம் கெட்டால் புத்தி கெடும்.

குறைக்கக் கூடாத பாரமும் உண்டு. உயிர்காப்பு மிதவை, மிதவைச் சட்டை, உடலைப் படகோடு பிணைக்கும் வார், புயல் பாய், ரேடியோ, ஆபத்தில் அடையாளம் அனுப்பும் கருவி ஆகியவை அவை.

கடல் சலுகை தராது

டாஸ்மேனியாவுக்கு வடக்கே உள்ள பாஸ் ஜலசந்தி ஆழம் குறைந்தது. தெற்கே ஓடும் நீரோட்டத்தைத் தென்காற்று எதிர்க்கும்போது அலைகள் சுவர்போல் செங்குத்தாக எழும். 1998-இல் 115 படகுகள் புறப்பட்டன. ஹோபர்ட் சேர்ந்தவை 44. ஐந்து படகுகள் மூழ்கின, ஆறு பேர் மாண்டனர், 55 பேர் மீட்கப்பட்டனர். மூழ்கியவற்றில் ஒன்று ‘வின்ஸ்டன் சர்ச்சில்’. 1945-இல் ராணியோடு புறப்பட்ட ஒன்பதில் அதுவும் ஒன்று! அதில் சென்றவர்களில் மூவர் திரும்பவில்லை. 2024-இலும் இரு வேறு படகுகளில் இரண்டு பேர் உயிரிழந்தனர்.

1998-க்குப் பின் விதிகள் இறுகின. ஜலசந்தியில் நுழையுமுன் கிரீன் கேப் முனை அருகே ஒவ்வொரு தலைவரும் ரேடியோவில் பேசியாக வேண்டும். படகு நலமா, ஆட்கள் நலமா, மேலே போகப் போகிறீர்களா என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

புதிதாகப் பந்தயம் புகும் உல்லாசப் படகுக்காரர் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுதான். ‘இல்லை, திரும்புகிறேன்’ என்று அந்த இடத்தில் கூசாமல் சொல்லத் தெரிந்தவருக்கு அடுத்த ஆண்டும் டிசம்பர் 26 உண்டு.