புதிய லென்ஸில் எது குறை, எது இயல்பு?

கேமரா லென்ஸ் என்பது ஒற்றைக் கண்ணாடி அன்று. புகைப்படம் பழகத் தொடங்குவோர் பலரும் வாங்கும் 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸுக்குள்ளேயே ஆறு, ஏழு வில்லைகள் ஒரே அச்சில் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஜூம் லென்ஸ்களில் இந்த எண்ணிக்கை பதினைந்தைத் தாண்டுவதும் உண்டு. இவற்றுள் ஒரு வில்லை மயிரிழை அளவு சாய்ந்தோ விலகியோ அமைந்துவிட்டால் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும்; ‘டிசென்டரிங்’ எனப்படும் இந்த அச்சு விலகலே புதிய லென்ஸில் கவனித்துத் தேட வேண்டிய முதன்மையான குறை.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடியவை சிலவே. கண்ணாடியில் கீறல் இருக்கிறதா, துளையைச் சுருக்கும் தகடுகளில் எண்ணெய்க் கறை படிந்திருக்கிறதா, பெட்டியிலும் உத்தரவாத அட்டையிலும் லென்ஸிலும் உள்ள வரிசை எண் ஒன்றுதானா என்பவற்றைக் கடையிலேயே பார்த்துவிடலாம். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஓரிரு தூசித் துகள்கள் தெரிவது புதிய லென்ஸிலும் இயல்பு. அவை படத்தில் விழுவதில்லை. கண்ணாடியில் தெரியும் பச்சை, ஊதா நிறப் பளபளப்பும் குறையன்று. பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பியனுப்பிவிடுவதால், அதைக் குறைக்க 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா உருவாக்கிய மெல்லிய பூச்சின் வழிவந்த பூச்சுகளே இந்த நிறங்களைக் காட்டுகின்றன. கைநடுக்கத்தை ஈடுசெய்யும் வசதி கொண்ட லென்ஸை அசைத்தால் உள்ளே லேசாக ஆடும் ஓசை கேட்பதும் இயல்பே.

அச்சு விலகலைக் கண்டறியப் பலர் செங்கல் சுவரைப் படமெடுக்கிறார்கள். கேமரா சுவருக்கு மிகச் சரியாக நேராக இல்லாவிட்டால் நல்ல லென்ஸும் ஒரு பக்கம் மங்கலாகவே காட்டும் என்பதால் இம்முறையை நம்புவது கடினம். அதைவிட, சில நூறு மீட்டர் தொலைவில் கட்டடங்களும் மரங்களும் படத்தின் இரு ஓரங்களையும் எட்டும்படி பரந்து கிடக்கும் காட்சியே ஏற்றது. கேமராவை முக்காலியில் நிறுத்தி, நடுக்க ஈடுசெய்தலை அணைத்து, துளையை முழுதும் திறந்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்து, இரண்டு நொடி டைமரில் ஒரு படம் எடுக்க வேண்டும். பின்பு கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே காட்சியை மீண்டும் எடுக்க வேண்டும். முதல் படத்தில் மங்கிய கட்டடம் இரண்டாவதில் தெளிவாகி, எதிர்ப்பக்கத்துக் கட்டடம் மங்கினால் குறை காட்சியில் இல்லை, கருவியில் இருக்கிறது. அது கேமராவின் சென்சார் சாய்வாகவும் இருக்கலாம் என்பதால், வேறொரு லென்ஸை அதே கேமராவில் மாட்டிச் சோதித்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

நான்கு மூலைகளும் ஒரே அளவில் மங்கினால் அது அந்த வடிவமைப்பின் எல்லை. லென்ஸை மாற்றி வாங்கினாலும் அதுவே கிடைக்கும். ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் தனித்து மங்கினால்தான் அந்த லென்ஸ் குறையுடையது. இரவில் தொலைவிலுள்ள ஒரு சிறு விளக்கைக் கொண்டு இதை இன்னும் நுட்பமாகக் காணலாம். மூலைகளில் அந்த ஒளிப்புள்ளி சிறகு விரித்தாற்போல் நீள்வது, நான்கிலும் மையத்தைச் சுற்றி ஒரே சீராக அமைந்தால் இயல்பு. சட்டத்தின் நடுவில் வைத்துச் சரியாக ஃபோகஸ் செய்தபோதே புள்ளி ஒரு பக்கம் வால் நீட்டுமானால் வில்லைகள் அச்சில் இல்லை.

ஃபோகஸ் பிழை வேறு வகை. முழுச் சட்ட கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்து ஒரு மீட்டர் தொலைவில் எடுத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 4 செ.மீ. மட்டுமே என்பதால், கண்ணுக்கு ஃபோகஸ் செய்தும் காது கூர்மையாக விழுந்தால் ஐயம் எழுவது நியாயம். கண்ணாடிப் பிரதிபலிப்பில் இயங்கும் டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் ஃபோகஸை அளக்கும் உணரி, படம் பதியும் சென்சாருக்குப் புறம்பாக இருப்பதால் இவ்விரண்டுக்கும் இடையே சிறு முரண் நேரலாம்; பல மாடல்களில் அதை மெனுவிலேயே திருத்திவிடலாம். படம் பதியும் சென்சாரிலேயே ஃபோகஸை அளக்கும் மிரர்லெஸ் கேமராக்களில் இச்சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை.

இச்சோதனைகளைக் கடையின் மாற்றித்தரும் காலக்கெடுவுக்குள் முடித்துவிட வேண்டும். குறை உறுதியானால், திருத்தம் ஏதும் செய்யாத மூலப் படங்களைப் பெட்டியோடும் ரசீதோடும் எடுத்துச் சென்று காட்டி, மாற்றாகத் தரப்படும் லென்ஸையும் அதே முறையில் சோதித்து வாங்குவதே சரி.